வலது உள்ளங்கை

ஜெசிந்தாவின் வலது உள்ளங்கையில் விமானத்தின் வலது எஞ்சின் எரிந்துகொண்டிருக்கும். இடது உள்ளங்கையில் இடது எஞ்சின். விமானம் எங்கோ மேகத்துக்கு மேலே சென்னையைப் பார்த்துப் போய்க்கொண்டிருக்கும். அவள் தூத்துக்குடி விமான நிலையத்தின் பின்பக்கத்து அறையில், ஒரு சாய்வு நாற்காலியில், இரண்டு கைகளையும் மல்லாக்க வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பக்கத்தில் நான், ரேடியோவோடு.

கம்பெனிக் காகிதங்களில் அவளுடைய பதவிக்கு வாயில் நுழையாத ஒரு பெயர் உண்டு. நிலையத்தில் எல்லாரும் சொல்வது 'கைக்காரங்க' என்று. அந்தக் கணக்கில் நான் வாய்க்காரன். அவள் கையில் தெரிவதை நான் விமானிக்குச் சொல்ல வேண்டும். ஆறுமுகநயினார் என்று அப்பா ஆசையாக வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் மிச்சம் இருந்தது. வாய்க்காரன் என்ற பட்டத்தை என் மனைவி எனக்கு இருபது வருஷம் முன்பே கொடுத்துவிட்டாள் என்பது வேறு விஷயம்.

இந்த ஏற்பாடு வந்ததற்குக் காரணம் ஒரு விபத்து. எங்கோ ஒரு தீவுக்குப் பக்கத்தில் இதே மாதிரி இரண்டு விசிறி வைத்த விமானம் கடலில் விழுந்தது. ஒரு எஞ்சின் கெட்டுக்கொண்டே வந்திருக்கிறது, கணினியோ எல்லாம் சரி என்றே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. கடைசி நேரக் குழப்பத்தில் கெட்டதை ஓடவிட்டு நல்லதை நிறுத்திவிட்டார்கள். அதன் பிறகுதான் யாரோ புத்திசாலிக்குத் தோன்றியது, மனிதக் கைக்குத் தெரிகிற அளவுக்கு எந்தக் கருவிக்கும் தெரியாது என்று. தோசைக்கல் காய்ந்துவிட்டதா என்று கையை மேலே காட்டிப் பார்க்கிறவர்களுக்கு இது உடனே புரியும். மணிக்கட்டில் ஒரு சின்ன வில்லையை வைத்துத் தைத்து, எஞ்சினின் சூட்டையும் அதிர்வையும் நேராக நரம்பில் ஏற்றினார்கள். கெடப் போகிற எஞ்சின் கெடுவதற்கு முன்பே கையில் வலித்தது. விபத்துகள் நின்றன. பரிசு வாங்கினார்கள், கைதட்டினார்கள். கையைக் கொடுத்தவர்களைப் பற்றி யாரும் அதிகம் பேசவில்லை.

நான் அதற்கு முன் துறைமுகத்தில் ரேடியோ பார்த்தவன். கப்பல் தெரியும், விமானம் தெரியாது. ராக்கெட் வெடி மாதிரி பின்னால் நெருப்பைக் கக்கித்தான் விமானம் முன்னால் போகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். முதல் நாளே அதை ஜெசிந்தாவிடம் சொல்லி மாட்டிக்கொண்டேன். என்னைவிட இருபது வயது சின்னவள், சிரித்துத் தீர்த்துவிட்டாள்.

"இதுல நெருப்பு தள்ளுறது ரொம்பக் கொஞ்சம்ண்ணே. காத்த உள்ள இழுத்து, நெருக்கி, எண்ணெயத் தெளிச்சு எரிக்கும். அந்தச் சூட்டுக் காத்துல ஒரு சக்கரம் சுத்தும். சக்கரத்தோட பலத்த முன்னால இருக்க விசிறி வாங்கிக்கிடும். கடைசில குழாய் வழியா வெளிய போறதுல பத்துல ஒரு பங்கு பலம் மிஞ்சியிருந்தா பெருசு."

"அப்ப விசிறிதான் இழுக்குதா?"

"விசிறிதான். ஜெட்டு கொஞ்சக் காத்த எடுத்து பயங்கர வேகத்துல பின்னால எறியும். இது நெறயக் காத்த எடுத்து மெதுவாத் தள்ளும். அவ்வளவு காத்து பின்னால போனா நாம முன்னால போய்த்தான ஆகணும்?"

சக்கரம் சுற்றுகிற வேகத்தில் விசிறியும் சுற்றினால் பிய்ந்து போய்விடுமாம். நடுவில் ஒரு பல்சக்கரப் பெட்டி வேகத்தைக் குறைத்துப் பலமாக மாற்றிக் கொடுக்கிறது. அது தனக்கு மணிக்கட்டில் தெரியும் என்றாள். நெருப்பு உள்ளங்கையில். விசிறியின் ஐந்து தகடுகள் ஐந்து விரல்களில்.

"பஸ்ல போறப்ப ஜன்னலுக்கு வெளிய கைய நீட்டிருக்கியளா?" என்று கேட்டாள். "உள்ளங்கையக் காட்டுனா காத்து கையப் பின்னால தள்ளும். விளிம்பக் காட்டுனா கத்தி மாதிரி வெட்டிக்கிட்டுப் போகும். தகடும் அப்படித்தான், தேவைக்குத் தக்கன திரும்பிக்கிட்டே இருக்கும். எஞ்சின் செத்துட்டுன்னா ஒடனே விளிம்பு காட்டித் திருப்பிடணும். ஃபெதர்னு சொல்லுவாங்க. திருப்பாம விட்டா செத்த எஞ்சின் மொத்த விமானத்தையும் பின்னால இழுக்கும்."

இதைச் சொல்லும்போது அவள் ஒரு டீ கிளாஸைக் கையில் பிடித்திருந்தாள். கேண்டீனில் அப்போதுதான் ஊற்றிய டீ, ஆவி பறந்துகொண்டிருந்தது. நான் கைக்குட்டை இல்லாமல் அதைத் தொட முடியாது. அவள் வெறும் உள்ளங்கையில் தாங்கி, கதை பேசிக்கொண்டே நின்றாள். கேண்டீன்காரர்கூட, ஜெசி அக்காவுக்குக் கிளாஸ் எதற்கு, கையிலேயே ஊற்றிவிடலாம் என்று கிண்டல் செய்வார். எல்லாரும் சிரிப்போம். அவளும்தான் சிரிப்பாள். உள்ளங்கையில் அங்கங்கே வெளுத்த தழும்புகள் இருந்தன. கை எஞ்சினுக்குப் பழகிவிட்டது, வீட்டுக்குப் போனால் சரியாகிவிடும் என்பாள். கம்பெனி டாக்டர் அவளுக்கு அப்படித்தான் சொல்லியிருந்தார்.

வருஷத்துக்கு ஒரு மாதம் நாற்காலியில் உட்காராமல் ஓய்வு எடுக்க வேண்டும் என்று விதி இருந்தது. விதிக்கு என்ன, சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தார்கள். தூத்துக்குடிக்கு இன்னொரு கைக்காரர் கிடைக்கவில்லை. மேனேஜர் சபேசனிடம் அவள் கேட்பதும், அடுத்த மாதம் பார்க்கலாம் என்று அவர் இனிக்க இனிக்கச் சொல்வதுமாக மூன்று கிறிஸ்துமஸ் போய்விட்டது.

அவளுக்கு ஒரு மகள், ஷெரின். நாலு வயது. கணவன் கிளாடியஸ் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். பார்த்துக்கொள்ள ஆளில்லாத நாட்களில் குழந்தையை நிலையத்துக்குக் கூட்டி வருவாள். அந்தக் குழந்தை அம்மாவின் விரலைப் பிடித்து நடந்து நான் பார்த்ததில்லை. முழங்கையைத்தான் பிடித்துக்கொள்ளும், எட்டி, குதிகாலைத் தூக்கி. ஏன் என்று ஒருநாள் கேட்டேன். "கையப் புடிச்சா அம்மாக்குத் தெரியாது மாமா" என்றது. எனக்கு என்னவோ போல் இருந்தது. ஆனாலும் வேலையைப் பார்க்கப் போய்விட்டேன்.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்த வாரம். காலையில் ஷெரின் எழுந்திருக்க மாட்டேன் என்றது, இட்லியைத் தள்ளிவிட்டது. கிளாடியஸ் விடியும் முன்பே வேலைக்குப் போயிருந்தான். எல்லா அம்மாக்களும் செய்வதைத்தான் ஜெசிந்தாவும் செய்தாள். நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். கழுத்தில் வைத்துப் பார்த்தாள். சுடவில்லை. பள்ளிக்கூடம் போகாமல் இருக்க நடிக்கிறாள் என்று அதட்டி, ஒருநாள்தானே என்று பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வேலைக்கு வந்தாள். வந்ததும் அந்த நடிப்பை எனக்கு நடித்தும் காட்டினாள்.

ஆயிரம் டிகிரி நெருப்பைத் தினமும் ஏந்துகிற கைக்கு ஒரு குழந்தையின் காய்ச்சல் எப்படித் தெரியும்? அந்தக் கைக்கு அது குளிர்ச்சிதான். கன்னத்தோடு கன்னம் வைத்திருந்தால் தெரிந்திருக்கும். ஆனால் யார் கன்னத்தை வைத்துக் காய்ச்சல் பார்க்கிறார்கள்? கையைத்தானே வைப்போம்.

மதியம் பக்கத்து வீட்டிலிருந்து போன் வந்தது, குழந்தைக்கு வலிப்பு என்று. விமானம் தரையில் இருந்தது. நான்தான் அவளை ஸ்கூட்டரில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். மூளைக் காய்ச்சல் என்றார்கள், காலையிலேயே கொண்டுவந்திருக்கலாமே என்றார்கள். ஜெசிந்தா குனிந்து குழந்தையின் நெற்றியில் முத்தம் வைத்தாள். வைத்த உதட்டை எடுக்கவில்லை. உதட்டில்தான் அவளுக்குச் சூடு தெரிந்தது. அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன். பார்த்திருக்கவே வேண்டாம்.

கிளாடியஸ் துறைமுகத் தொப்பியைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்தான். அவன் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"தொட்டுப் பாத்தியா?" என்று மட்டும் கேட்டான்.

"பாத்தேன்."

"சுட்டுதா?"

"சுடல."

அவ்வளவுதான் பேச்சு. மறுநாள் ஷெரின் போய்விட்டாள்.

அடக்கத்தன்று மேனேஜர் பெரிய மாலையோடு வந்தார். முப்பதாம் நாள் பூசை முடியும்வரை லீவு எடுத்துக்கொள்ளச் சொன்னார், கம்பெனியின் பெருந்தன்மையாம். அந்த நாட்களில் கருவிகளை மட்டும் நம்பி விமானத்தை ஓட்டினார்கள். பயணிகளுக்கு அது தெரிந்து, கைக்காரர் இல்லாத விமானமா என்று பாதிப் பேர் ரயிலுக்குப் போனார்கள். அதனால் பூசைக்கு மறுநாளே வீட்டு வாசலில் கம்பெனி கார் நின்றது. ஜெசிந்தா ஏறி வந்துவிட்டாள். வீட்டில் உட்கார்ந்திருக்கிறதுக்கு இங்கே உட்காரலாம் என்றாள் என்னிடம்.

அன்றைக்குச் சாயங்கால விமானத்தில் அறுபத்து சொச்சம் பேர். ஒரு கல்யாணக் கூட்டமும் இருந்தது. புறப்பட்டு மேலே ஏறி நிதானத்துக்கு வந்திருக்கும். ஜெசிந்தா கண்ணை மூடியபடி, "வலது சுடுது" என்றாள்.

நான் விமானி இளங்கீரனுக்குச் சொன்னேன். அவர் வலது எஞ்சினின் சூடு, அதிர்வு, எண்ணெய் எல்லாம் பார்த்துவிட்டு, முள் ஒன்றுகூட அசையவில்லையே என்றார். எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. எஞ்சினை நிறுத்துகிற அளவுக்கு விஷயம் என்றால் வாய் இரண்டு தடவை கேட்க வேண்டும், கை இரண்டு தடவை சொல்ல வேண்டும். இடையில் கொஞ்சம் பொறுக்க வேண்டும். பொறுத்தேன்.

"ஜெசி, ரெண்டாவது தடவ கேக்கேன். வலது எஞ்சின் சுடுதா?"

அவள் கண்ணைத் திறந்தாள். வலது உள்ளங்கையைப் பார்த்தாள். வேலை நேரத்தில் அவள் கண்ணைத் திறந்து நான் பார்த்ததே இல்லை. என்னை ஒரு தரம் பார்த்தாள், மறுபடி கையைப் பார்த்தாள்.

"சுடுது" என்றாள்.

இளங்கீரன் மறுபேச்சுப் பேசவில்லை. அவளை அவ்வளவு நம்பினார். வலது எஞ்சினை நிறுத்தி, தகடுகளை விளிம்பு காட்டித் திருப்பினார். நாற்காலியில் அவளுடைய வலது விரல்கள் ஐந்தும் ஒன்றாக ஒருக்களித்துப் படுத்தன. இனி மொத்தப் பாரமும் இடது எஞ்சினுக்கு. இடது கை நரம்பு புடைத்து, மணிக்கட்டு நடுங்கியது. அதுவும் கைவிட்டால் அத்தனை பேரும் போக வேண்டியதுதான். மதுரையில் இறங்கிவிட்டோம் என்று இளங்கீரன் சொல்லும்வரை நான் ரேடியோவிலிருந்து கையை எடுக்கவில்லை.

ஒன்று மட்டும் கவனித்தேன். வலது எஞ்சின் செத்த பிறகு அவளுடைய வலது கையில் ஒன்றும் இருக்கக் கூடாது. ஆனால் அவள் அந்த உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினாள், யாரோ எதையோ கையில் கொடுத்த மாதிரி. களைத்துவிட்டாள் என்று நினைத்தேன்.

எஞ்சினைப் பிரித்துப் பார்த்தார்கள். புத்தம் புதிது மாதிரி இருந்தது. நல்ல எஞ்சினை நிறுத்தச் சொல்லிவிட்டாள், பிள்ளை போன துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்று நிலையம் முழுக்கப் பேச்சு. மேனேஜரும் அதையேதான் சொன்னார், கூட ஒரு 'பாவம்' சேர்த்து. மணிக்கட்டு வில்லைகளை எடுத்துவிட்டு அவளை வீட்டுக்கு அனுப்பினார்கள். திங்கட்கிழமை விசாரணை. அதில் அவளுக்கு மனநிலை சரியில்லை என்று எழுதி முடித்துவிடுவது என்று ஏற்பாடு. அப்படி எழுதிவிட்டால் அந்த ஊரில் அவள் அப்புறம் யார் முகத்தில் விழிப்பாள்?

விசாரணைக்காகச் சென்னையிலிருந்து கம்பெனி டாக்டர் வந்திருந்தார். அவள் கைக்கு எப்போதாவது பழைய உணர்ச்சி திரும்புமா என்று அவரிடம் கேட்டேன்.

"தாராளமா. ஒரு மூணு நாலு வாரம் நாற்காலில உக்காராம இருந்தா தானா வந்துரும். அதுக்குத்தான வருஷத்துக்கு ஒரு மாசம் ஓய்வுன்னு வச்சிருக்கோம்" என்றார், போனிலிருந்து கண்ணை எடுக்காமலேயே. அவளிடம் வீட்டுக்குப் போனால் சரியாகிவிடும் என்று சொன்னதும் இவர்தான். "வந்தப்புறம் வில்லைய மறுபடி சரிபண்ணாம உக்காரக் கூடாது. சொந்த உணர்ச்சியும் எஞ்சினும் கலந்துரும்."

அன்று சாயங்காலம் வேலை ஒன்றும் இல்லை. காலியாகக் கிடந்த அவளுடைய நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். சும்மா, அவள் மாதிரியே கைகளை மல்லாக்க வைத்துக்கொண்டு. கொஞ்ச நேரத்தில் வலது உள்ளங்கை சுட்டது.

மேற்கு ஜன்னலின் திரை கிழிந்து பல மாதம் ஆகியிருந்தது. மாற்றச் சொல்லி யாரும் கேட்கவில்லை. அந்த நாற்காலியில் உட்காருகிறவர்களுக்கு வெயில் தெரியாதே. கிழிசல் வழியாக ஒரு துண்டு வெயில் வந்து என் கையில் கிடந்தது.

அவள் பைத்தியம் இல்லை. அவளுடைய கை திரும்பி வந்திருக்கிறது. அதில் முதலில் விழுந்தது வெயில். இதை அவளிடம் சொல்லியே ஆக வேண்டும். ஆனால் சொன்னால் இன்னொன்றும் கூடவே வந்து நிற்கும். முன்பே ஒரு மாதம் லீவு கொடுத்திருந்தால் அந்த ஜூன் மாதக் காலையில் கைக்குச் சூடு தெரிந்திருக்கும். குழந்தை இருந்திருக்கும். இதை எந்த வாயால் போய் ஒரு அம்மாவிடம் சொல்வது? வாய்க்காரன் என்று பேர் வாங்கினதற்கு அன்றைக்குத்தான் வெட்கப்பட்டேன். இரண்டு நாள் யோசித்து, ஞாயிற்றுக்கிழமை மதியம் போனேன்.

கிளாடியஸ் வேலைக்குப் போயிருந்தான். கொடியில் ஒரு சின்ன மஞ்சள் கவுன் காய்ந்தது. ஜெசிந்தா என்னை உட்காரச் சொல்லிவிட்டு உள்ளே போய் டீ போட்டு எடுத்து வந்தாள். டம்ளரைச் சேலைத் தலைப்பால் சுற்றிப் பிடித்திருந்தாள்.

நான் சொல்ல வந்தது அதோடு முடிந்துபோனது. சேலைத் தலைப்பையே பார்த்துக்கொண்டு இருந்தேன்.

"எப்பம்மா தெரிஞ்சுது?"

"முப்பதாம் நாள் பூசைல. மெழுகுவத்தி ஏத்துனேன், கையில மெழுகு சொட்டுச்சு. சுட்டுது." டம்ளரை என் முன்னால் ஸ்டூலில் வைத்தாள். "மறுநா சபேசன் சார்ட்ட சொன்னேன், கை வந்துட்டு, வில்லையச் சரிபண்ணணும்னு. அதுக்கு ஆளு பெங்களூர்லருந்து வரணும், இப்ப உக்காருங்க, பாத்துக்கிடலாம்னாரு."

"என்ட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லா?"

"சொன்னா சந்தோசப்பட்டிருப்பிய. எனக்கு அதப் பாக்க முடியாதுண்ணே."

டாக்டர் சொன்னதை மெல்ல ஆரம்பித்தேன். லீவு என்ற சொல்லைத் தாண்டி எனக்குப் பேச்சு வரவில்லை. அவளே முடித்தாள்.

"தெரியும்ண்ணே. அவ செத்ததுக்குக் குடுத்த லீவுலதான் கை வந்துது."

வெளியே ஒரு விமானம் இறங்குகிற சத்தம் கேட்டது. அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. திங்கட்கிழமை விசாரணையில் திரையைப் பற்றியும் வில்லையைப் பற்றியும் லீவைப் பற்றியும் ஒன்றுவிடாமல் சொல்லப்போகிறேன் என்றேன். இளங்கீரனும் கூட வருகிறார் என்றேன். சொல்லுங்க என்று தலையாட்டினாள். அதில் அவளுக்குப் பெரிய அக்கறை இருந்த மாதிரித் தெரியவில்லை. நான் கேட்க நினைத்து, கேட்காமல் விட்டிருக்க வேண்டிய ஒன்று பாக்கி இருந்தது.

"அன்னைக்கு அது வெயில்னு உனக்குத் தெரியுமா ஜெசி?"

"மொதல்ல தெரியல. ரெண்டாவது தடவ நீங்க கேட்டப்ப கண்ணத் தொறந்து பாத்தேன்லா. கையில வெயில் கெடந்துது. அதுதானோன்னு தோணிச்சு. எஞ்சினும் நல்லாத்தான் இருக்க மாதிரி இருந்துது."

"பெறகு ஏம்மா சுடுதுன்ன? அவ்வளவு பேரு மேல இருந்தாங்களே."

அவள் தன் கையைத் திருப்பிப் பார்த்தாள். தழும்புகள் அப்படியே இருந்தன.

"ஒரு தடவ தொட்டுப் பாத்து சுடலைன்னு சொன்னவண்ணே நான். இனிமே அந்த வார்த்த என் வாயில வராது. எது மேல கை வச்சாலும் வராது."

அவள் கண்ணைத் துடைத்துவிட்டு, நான் தொடாமல் வைத்திருந்த டம்ளரை உள்ளங்கையால் தொட்டுப் பார்த்தாள்.

"சுடுதுண்ணே" என்றாள். "பாத்துக் குடிங்க."

எடுத்துக் குடித்தேன். டீ எப்போதோ ஆறிப்போயிருந்தது.